பூட்டுக்கும் வேண்டும் ஒரு திறப்பு

பூட்டு என்ற சொல்லைக் கேட்டவுடன் நமக்குக் கதவும் பெட்டகமுமே நினைவுக்கு வருகின்றன. மோட்டார்க் காரின் வயிற்றுக்குள்ளும் ஒரு பூட்டு உண்டென்றால் வாசகர் சிலர் வியப்படையக்கூடும். கிளச் மிதி இல்லாது தானே கியர் மாற்றிக்கொண்டு ஓடும் கார்களில் அந்தப் பூட்டு இருக்கின்றது. நம் வீதிகளில் ஓடும் யப்பானிய ‘ஓட்டோ’ கார்கள் பலவற்றினுள்ளும் அது நாள்தோறும் பலமுறை பூட்டியும் திறந்தும் கொள்கின்றது. உள்ளே ஏறியிருப்போர் அதனை அறிவதில்லை. அறியாதிருப்பதிற் குற்றமுமில்லை, அதனைக் கவனித்துக்கொள்ள அந்தக் கார்களில் ஒரு கணினி இருக்கின்றது. கணினி இல்லாத பழைய காரொன்றில் அத்தகைய பூட்டை வைத்தால், அதனைக் கவனிப்பவர் யார்? இவ்வாரம் நாம் ஆராயப் புகுவது இந்தக் கேள்வியையே.

இக்கேள்வி அமெரிக்க நாட்டின் வீட்டுக் கொட்டகைகளிலே பிறந்தது. 1950களிலும் 1960களிலும் செய்யப்பட்ட கார்களை வாங்கி, ஓய்வு நாட்களிலே தம் கையாலேயே புதுப்பித்து ஓட்டுவது அங்கே பலருக்கு விருப்பமான பொழுதுபோக்கு. அக்காலத்துச் செவ்ரோலே கார்கள் பலவற்றில் ‘பவர்கிளைட்’ என்ற இரண்டு வேகத் தன்னியக்கக் கியர்ப்பெட்டி இருந்தது. இன்றைய நெடுஞ்சாலை வேகத்துக்கு அது போதாது. எஞ்சின் இரைந்துகொண்டே ஓடவேண்டியிருக்கும். ஆகவே அதனைக் கழற்றிவிட்டு, ஜெனரல் மோட்டேர்ஸ் நிறுவனம் 1982ஆம் ஆண்டிலே அறிமுகம் செய்த 700-ஆர்-4 என்னும் நான்கு வேகக் கியர்ப்பெட்டியைப் பொருத்துவோர் பலர். அதன் நான்காம் கியர் ‘ஓவர்டிறைவ்’ எனப்படுவது. அதன் விகிதம் 0.70. அதாவது, பின்னே செல்லும் தண்டு 1000 முறை சுழலுவதற்கு எஞ்சின் ஏறக்குறைய 700 முறை சுழன்றாற் போதும். பெற்றோலும் மிச்சம், இரைச்சலும் குறைவு.

பெட்டி பொருந்திவிடும், கார் ஓடியும் விடும். ஆனால் அந்தப் பெட்டியின் பக்கத்திலே நான்கு முனைகள் கொண்ட சிறு மின் இணைப்பொன்று இருக்கும். அதில் என்ன கம்பியைப் பூட்டுவது என்று தெரியாமல் வெறுமனே விட்டுவிடுவோர் உண்டு. சில காலம் கழிய, பெட்டி கருகிய எண்ணெய் மணத்துடன் பட்டறைக்குத் திரும்புகின்றது. யானையை வாங்கியவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதை இதுவேயாம்.

கருகுவதன் காரணத்தை அறிய, முதலில் கியர்ப்பெட்டிக்கும் எஞ்சினுக்கும் இடையே அமர்ந்திருக்கும் ‘டோர்க் கொன்வேட்டர்’ என்ற உறுப்பை அறிந்துகொள்ளவேண்டும். மின்விசிறிகள் இரண்டை எதிரெதிரே வைத்து, ஒன்றுக்கு மட்டும் மின்சாரம் கொடுங்கள். அது வீசும் காற்றினால் மற்றையதும் மெல்லச் சுழலத் தொடங்கும். காற்றுக்குப் பதிலாக எண்ணெயை வைத்து, இரண்டு விசிறிகளையும் ஒரே கூட்டுக்குள் மூடிவிட்டால் அதுவே கொன்வேட்டரின் அடிப்படை. எஞ்சின் ஒரு விசிறியைச் சுழற்றுகின்றது. எண்ணெய் மற்றையதைச் சுழற்றுகின்றது. அது கியர்ப்பெட்டிக்குள் செல்கின்றது. இடையே இரும்புக்கும் இரும்புக்கும் தொடர்பில்லை. ஆகையாற்றான் கியரிலே இருக்கும்போதே காரை நிறுத்திவைத்தாலும் எஞ்சின் அணைந்து போவதில்லை.

இந்த உபாயத்தைக் கண்டவர் ஹேர்மன் பொட்டிங்கர் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர். இன்று போலந்து நாட்டிலுள்ள ஸ்டெற்றின் நகரம் அக்காலத்தில் ஜேர்மனியைச் சேர்ந்திருந்தது. அங்கே கப்பல் கட்டும் தளமொன்றிற் பணியாற்றிய அவர், விரைந்து சுழலும் நீராவிச் சுழலியை மெதுவாகச் சுழலும் கப்பல் விசிறியோடு இணைக்க வழி தேடினார். 1905ஆம் ஆண்டிலே இதற்கு உரிமைப் பத்திரமும் பெற்றார். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே மூன்றாவதாக ஒரு சிறு சக்கரத்தை வைத்து, திரும்பி வரும் எண்ணெயை நல்ல திசையிலே செலுத்தினால், கார் புறப்படும்போது எஞ்சினின் முறுக்கு ஏறக்குறைய இரு மடங்காகக் கிடைக்கும். இது அந்த யந்திரத்தின் பெரும் சிறப்பு.

சிறப்புக்குப் பக்கத்திலேயே ஒரு குறையும் உண்டு. எண்ணெயாலே தள்ளப்படும் சக்கரம், தள்ளும் சக்கரத்தின் வேகத்தை ஒருபோதும் முழுமையாக எட்டுவதில்லை. எப்போதும் சிறிது வழுக்கும். வழுக்கிய சக்தி எங்கே போகின்றது? மறைந்து போவதில்லை, வெப்பமாக மாறுகின்றது. மாணவ நேயர்கள் இதனைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். எஞ்சின் 20 கிலோவாற்று சக்தியை அனுப்பும்போது பத்திலொரு பங்கு வழுக்கினால், 2 கிலோவாற்று வெப்பம் எண்ணெயிலே சேரும். ஆயிரம் வாற்று மின்னடுப்புகள் இரண்டை எண்ணெய்க்குள்ளே அமிழ்த்தி வைத்தது போன்றது அது. ஓவர்டிறைவ் கியரிலோ எஞ்சின் மெல்லச் சுழன்று அதிகப் பளுவைச் சுமக்கின்றது. வழுக்கலும் அதற்கேற்பப் பெருகும். நெடுந்தூரப் பிரயாணத்தில், ஏற்றமான பாதையில், பாரமேற்றிய வண்டியில் இந்த வெப்பம் ஓயாது ஏறிக்கொண்டே இருந்தால் எண்ணெய் கெடும். கெட்ட எண்ணெயாற் கியர்ப்பெட்டியின் கிளச்சுகள் தேயும். இரப்பர்ப் பட்டிகள் இறுகிப் போகும். நாசம் ஒரே நாளில் வருவதில்லை, படிப்படியாக வருகின்றது. ஆகவேதான் அதனைப் பலர் கவனிப்பதுமில்லை.

இதற்கு மருந்தாக வந்ததே நாம் முதலிற் சொன்ன பூட்டு. கொன்வேட்டருக்கு உள்ளேயே ஒரு கிளச் தட்டை வைத்து, கார் சீரான வேகத்தை அடைந்தபின் அத்தட்டை முன்புற மூடியோடு எண்ணெய் அமுக்கத்தால் அழுத்திவிட்டால் இரண்டு சக்கரங்களும் ஒன்றாகிவிடும். வழுக்கல் இல்லை, ஆகையால் வழுக்கலால் வரும் வெப்பமும் இல்லை. 1949ஆம் ஆண்டிலே பக்கார்ட் நிறுவனம் தனது ‘அல்ட்ராமற்றிக்’ கியர்ப்பெட்டியில் இப்பூட்டை வைத்தது. எனினும் பெற்றோல் மலிந்து கிடந்த அந்நாட்களில் அது பரவவில்லை. 1973இல் எண்ணெய் நெருக்கடி வந்தது. 1975இல் அமெரிக்க அரசு எரிபொருட் சிக்கனத்துக்குச் சட்டம் இயற்றியது. ஒரு நிறுவனம் விற்கும் கார்கள் சராசரியாக ஒரு கலனுக்கு 1978இல் 18 மைலும், 1985இல் 27.5 மைலும் ஓடவேண்டும் என்று அச்சட்டத்தின்படி இலக்கு வகுக்கப்பட்டது. உடனே மறந்த பூட்டு நினைவுக்கு வந்தது. 1978இல் கிறைஸ்லர் நிறுவனம் எண்ணெய் அமுக்கத்தாலேயே இயங்கும் பூட்டைத் தனது கார்களில் வைத்தது. அடுத்து வந்த ஆண்டுகளில் ஜெனரல் மோட்டேர்ஸ் மின்சாரத்தாற் கட்டளையிடும் பூட்டை வைத்தது. 1981 முதல் அந்நிறுவனத்தின் பெற்றோற் கார்களிற் கணினியும் இடம்பெற்றதால், பூட்டுவதும் திறப்பதும் அதன் பொறுப்பாயின.

மின்சாரம் பூட்டை எவ்வாறு இயக்குகின்றது? கியர்ப்பெட்டிக்குள்ளே ‘சொலினொயிட்’ என்னும் சிறு மின்காந்தச் சுருள் ஒன்று இருக்கின்றது. மின்னோட்டம் இல்லாத வேளையில் ஒரு சிறு துவாரம் திறந்திருக்கும். எண்ணெய் அதன் வழியே வழிந்து போகும். மின்னோட்டம் பாய்ந்தால் துவாரம் அடைபடும், அமுக்கம் ஏறும், வால்வு நகரும், கொன்வேட்டருக்குட் செல்லும் எண்ணெயின் திசை மாறித் தட்டு அழுந்தும். ஆகவே செய்யவேண்டியது ஒன்றே: உரிய நேரத்தில் அச்சுருளுக்கு 12 வோல்ற்று கொடுப்பது, உரிய நேரத்தில் அதனை நிறுத்துவது.

இவ்வளவுதானே என்று எண்ணி, ஓட்டுநரின் அருகே ஒரு சாதாரண சுவிச்சை வைத்து, ‘வேண்டும்போது போடுவேன், வேண்டாதபோது நிறுத்துவேன்’ என்போர் உண்டு. இந்த யோசனையை நாம் ஏற்கமாட்டோம். கை மறக்கும் இயல்புடையது. சுவிச்சைப் போட்ட நினைவேயில்லாமல் ஏற்றத்தில் அக்சிலேற்றரை அழுத்தினால், அந்தச் சிறிய தட்டு பெரும் பளுவைத் தாங்கமாட்டாமல் வழுக்கித் தேயும். திடீரென்று குறுக்கே ஒரு பிள்ளை ஓடிவந்து பிறேக்கை மிதிக்க நேர்ந்தால், பூட்டிய எஞ்சின் சில்லுகளோடு சேர்ந்து திணறும்; சிலவேளை அணைந்தும் போகும். கிளச் மிதியை அமுக்காமல் சாதாரணக் காரை நிறுத்துவது போன்றதே அது. அவ்வேளையில் ஓட்டுநரின் மனம் வீதியில் இருக்கவேண்டுமேயல்லாது, சுவிச்சைத் தேடிக்கொண்டிருக்கலாகாது.

ஆகவே கணினி இல்லாத காரிலே, கணினி கேட்கும் கேள்விகளைச் சில சுவிச்சுகள் கேட்கும்படி செய்யவேண்டும். அவற்றைத் தொடராக, ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கவேண்டும். பாடசாலையில் தொடர்ச்சுற்றைப் படித்த மாணவர் அதன் இயல்பை அறிவர். எல்லா வாயில்களும் அடைந்து இணைந்திருந்தால் மட்டுமே மின்னோட்டம் பாயும். எந்த ஒன்று பிரிந்தாலும் நின்றுவிடும்.

முதல் வாயில் காரின் சாவிச் சுவிச். எஞ்சின் ஓடும்போது மட்டும் மின்சாரம் வரும் இடத்திலிருந்து கம்பியை எடுத்து, அங்கேயே 5 அம்பியர் பியூஸ் ஒன்றை வைக்கவேண்டும். பியூஸை வழியின் கடைசியில் வைப்பதிற் பயனில்லை. இடையிலே கம்பி உராய்ந்து உடலைத் தொட்டால் தீயைத் தடுப்பது தொடக்கத்திலே இருக்கும் பியூஸே.

இரண்டாம் வாயில் பிறேக் மிதியில் உள்ளது. இங்கேதான் பலர் தடுமாறுகின்றனர். பிறேக் விளக்கை எரிக்கும் சுவிச், மிதித்தால் இணையும் வகையைச் சேர்ந்தது. நமக்கு வேண்டியதோ மிதித்தாற் பிரியும் சுவிச். முன்னதை அப்படியே பயன்படுத்தினால் பூட்டு, பிறேக்கை மிதிக்கும்போது பூட்டவும் விட்டபின் திறக்கவும் முற்படும்! மிதித்தாற் பிரியும் சுவிச் கிடைக்காவிட்டால், ஐந்து முனை ரிலே ஒன்றைக் கொள்ளலாம். அதன் 30, 87ஏ என்று குறித்த முனைகள் ஓய்வில் இணைந்திருக்கும். பிறேக் விளக்குக் கம்பியை ரிலேயின் சுருளுக்குக் கொடுத்தால், மிதித்தவுடன் அவ்விரண்டும் பிரிந்துவிடும்.

மூன்றாம் வாயில் வெற்றிட சுவிச். எஞ்சின் காற்றை உறிஞ்சுவதால் உண்டாகும் வெற்றிடம், எஞ்சின் சுமக்கும் பளுவைக் காட்டும் அளவுகோல். அக்சிலேற்றரை ஆழ அழுத்தினால் வெற்றிடம் வீழ்ந்துவிடும். வெற்றிடம் உள்ளபோது இணைந்து, அது வீழ்ந்தபோது பிரியும் சுவிச்சை வைத்தால், ஏற்றத்திலும் முந்திச் செல்லும்போதும் பூட்டு தானே திறக்கும். சுவிச்சின் குழாயைக் காபுரேற்றரிலே எங்கே பூட்டுகிறோம் என்பதும் முக்கியம். காற்று வாயிலை மூடும் தகட்டுக்குச் சற்று மேலேயுள்ள துளையிற் பூட்டினால், எஞ்சின் வெறுமனே ஓடும்போது அங்கே வெற்றிடம் இராது. தகடு சிறிது திறந்து கார் சீராக ஓடும்போது இருக்கும். முழுவதும் திறந்தபோது மீண்டும் இராது. ஆகவே நிற்கும்போதும் பூட்டாது, பெரும் பளுவிலும் பூட்டாது. இடைப்பட்ட சீரான ஓட்டத்தில் மட்டும் பூட்டும். ஒரு சிறு துளையின் இடத்தாலே இரண்டு கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடுகின்றது.

நான்காம் வாயில் கியர்ப்பெட்டிக்கு உள்ளேயே இருக்கின்றது. வால்வுத் தொகுதியில் ஓர் அமுக்க சுவிச்சைப் பொருத்தினால், நான்காம் கியருக்கான எண்ணெய் வரும்போது அது இணைந்து, சுருளின் மறுமுனையைப் பெட்டியின் உடலோடு சேர்க்கும். நான்காம் கியருக்கு வருமுன் சுற்று முழுமை பெறுவதில்லை. இதற்குக் கீழே உள்ள எண்ணெய்த் தட்டைக் கழற்றவேண்டியிருக்கும். வெளியிலிருந்து வரும் கம்பி, பெட்டியின் இணைப்பில் ‘ஏ’ என்று குறித்த முனையைச் சேரும்.

சுருளின் தடை ஏறக்குறைய 20 ஓமோ அதற்கு மேலோ இருக்கும். ஓமின் விதிப்படி 12ஐ 20ஆற் பிரித்தால் 0.6 அம்பியர். சிறிய மின்குமிழுக்கு வேண்டிய அளவே இது. மெல்லிய கம்பி போதும். சுருளின் தடையை அளந்து பார்த்து, மிகக் குறைவாயிருந்தால் சுருள் கெட்டதென்று கொள்ளலாம். சில சுருள்களினுள்ளே டயோட்டு ஒன்றும் அடங்கியிருக்கும்; அத்தகையவற்றில் இரு கம்பிகளையும் மாற்றிப் பூட்டலாகாது. வேலை தொடங்குமுன் பற்றரியின் இணைப்பைக் கழற்றுவதும், காரை உயர்த்தும்போது ‘ஜக்’கை மட்டும் நம்பாது உறுதியான தாங்கிகளை வைப்பதும் கட்டாயம். கம்பியை மறந்தால் இழப்பது கியர்ப்பெட்டி. தாங்கியை மறந்தால் இழப்பது உயிர்.

பூட்டியபின் சோதிப்பது எவ்வாறு? வெற்றிட சுவிச்சின் இரு முனைகளையும் தற்காலிகமாக இணைத்து, ‘ஏ’ முனைக்குச் செல்லும் கம்பியில் ஒரு சோதனை விளக்கைப் பிடித்தால், சாவியைத் திருப்பியவுடன் எரியவேண்டும். பிறேக்கைத் தொட்டவுடன் அணையவேண்டும். தற்காலிக இணைப்பைக் கழற்றியபின், போக்குவரத்து இல்லாத நேரான பாதையில் நான்காம் கியரிற் சீராக ஓட்டி, எஞ்சின் சுற்றுமானியைக் கவனிக்கவேண்டும். பூட்டு விழும்போது முள் 200, 300 சுற்று இறங்கும்; இன்னொரு கியர் மாறியது போலத் தோன்றும். வேகத்தை மாற்றாமல் பிறேக் மிதியை இலேசாகத் தொட்டால் முள் மீண்டும் ஏறும். இறங்கியதும் ஏறியதும் கண்டால் வேலை முடிந்தது.

ஒன்றை மட்டும் மறவாமற் சொல்லிவிடவேண்டும். இக்கம்பி எல்லா நோய்க்கும் மருந்தன்று. 700-ஆர்-4 பெட்டியில் அக்சிலேற்றரோடு சேர்ந்து இழுபடும் கேபிள் ஒன்று, பளுவுக்கேற்ப உள்ளே எண்ணெய் அமுக்கத்தை ஏற்றுகின்றது. அதனை அளவு பிழைத்துப் பூட்டினால் அமுக்கம் போதாமற் போய், கிளச்சுகள் சிறிது தூரத்திலேயே எரிந்துவிடக்கூடும். கேபிளைச் சரிபார்த்த பின்னரே கம்பிக்குக் கை வைப்பது அறிவுடைமை.

வாசகர்களிற் பெரும்பாலோர் இந்த வேலையைச் செய்யப் போவதில்லை என்பதை நாம் அறிவோம். ஆயினும் அந்த நான்கு வாயில்களின் ஒழுங்கு எவரும் சிந்திக்கத் தக்கது. பூட்டுவதற்கு நால்வரின் சம்மதமும் வேண்டும். திறப்பதற்கு ஒருவரின் மறுப்பே போதும். எவருடைய மறுப்பையும் மற்ற மூவரும் மீற முடியாது. நமது ஈழத்து வழக்கிலே சாவியைத் ‘திறப்பு’ என்கிறோம். பூட்டை இயக்கும் கருவிக்குப் பூட்டுவதைக் கொண்டு பெயரிடாமல், திறப்பதைக் கொண்டு பெயரிட்டனர் நம் முன்னோர். பூட்டிய இடத்திலே திறக்கும் வழியையும் வைத்துவிட்டால், அந்தப் பூட்டைப் பற்றி ஓட்டுநர் நினைக்கவே வேண்டியதில்லை. வீதியைப் பார்த்து ஓட்டலாம்.